தைம்: ஊட்டிப் பாத்தியிலிருந்து பெட்ரி தட்டுக்கு

நீலகிரி மண் பெரும்பாலும் புளிப்பு. தைம் என்ற மணமூலிகைக்கு அது ஒத்துவராது. மண் பரிசோதனை சொல்லும் அளவுக்கு டோலமைட் (புளிப்பைக் குறைக்கும் சுண்ணாம்பு வகைக் கல் பொடி) இட்டு, மக்கிய தொழுவுரம் கலந்து மேட்டுப்பாத்தி போடுங்கள். வேர்விட்ட தண்டுகளை 30 செ.மீ. இடைவெளியில் நடலாம். மழைக்காலத்தில் வேரழுகல்தான் பெரிய தொல்லை. வடிகால் இல்லாவிட்டால் வேறெதுவும் உதவாது. பூக்கத் தொடங்கும்போது அறுத்து நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் போட்டால் எண்ணெய் பறந்துவிடும்.

தைம் பாக்டீரியாவைத் தடுக்கிறதா என்று சோதிக்க, உலர்ந்த தைமின் பொடி 10 கிராமை 100 மி.லி. எத்தனாலில் (ஆல்கஹால்) ஒரு நாள் ஊறவைத்து வடிகட்டுங்கள். 6 மி.மீ. வட்டத்தாளில் வடித்த சாற்றை 10 மைக்ரோலிட்டர் விட்டு, எத்தனால் ஆவியானதும், பெட்ரி தட்டில் (மூடியுள்ள ஆய்வகத் தட்டு) ஸ்டெஃபிலோகாக்கஸ் பாக்டீரியா பூசிய முல்லர்-ஹின்டன் அகாரில் (பாக்டீரியா வளர்க்கும் கூழ்) வைத்து, 35 டிகிரியில் 18 மணி நேரம் விடுங்கள். (கல்லூரி ஆய்வகத்தில் மட்டும், வீட்டில் வேண்டவே வேண்டாம்.) வெறும் எத்தனால் தாளும் பக்கத்தில் வேண்டும், அதைச் சுற்றியும் தெளிவட்டம் (பாக்டீரியா வளராத வட்டம்) வந்தால் சோதனை செல்லாது. தைம் எண்ணெயின் முக்கியப் பொருளான தைமால் நீரில் அதிகம் கரையாது, அகாரில் மெதுவாகத்தான் பரவும். வட்டம் சிறிதென்று மூலிகையைக் குறைசொல்ல முடியாது.