ரன் அவுட் ஹாட்ரிக்கில் சேராது

போன ஞாயிறு எங்கள் தெரு டென்னிஸ் பால் மேட்சில் ஒரு சண்டை. பக்கத்து வீட்டுப் பையன் ஒரு பந்தில் போல்டு, அடுத்த பந்தில் கேட்ச் என்று இரண்டு விக்கெட் எடுத்துவிட்டான். மூன்றாவது பந்தில் பேட்ஸ்மேன் இல்லாத ரன்னுக்கு ஓடி ரன் அவுட். "ஹாட்ரிக்!" என்று பையன் கையை விரித்துக்கொண்டு ஓடினான். "ரன் அவுட் உன் கணக்குல வராதுடா தம்பி" என்றார் அம்பயராக நின்ற அண்ணன். பையனுக்கு முகம் தொங்கிப்போனது.

அண்ணன் சொன்னதுதான் சரி. கிரிக்கெட்டில் ஹாட்ரிக் என்பது பந்துவீச்சாளரின் சொத்து. அவர் அடுத்தடுத்து வீசும் மூன்று பந்துகளிலும் அவர் பெயரிலேயே விக்கெட் விழ வேண்டும். 1858இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் எச்.எச். ஸ்டீஃபன்சன் அப்படி மூன்று விக்கெட் எடுத்தபோது, பார்த்தவர்கள் பணம் வசூலித்து அவருக்கு ஒரு தொப்பி வாங்கிக் கொடுத்தார்களாம். சொல்லில் உள்ள ஹாட் அந்தத் தொப்பிதான்.

இன்னொரு தவறு, மூன்றும் ஒரே ஓவரில் விழ வேண்டும் என்று நினைப்பது. 1988இல் பெர்த் டெஸ்டில் ஆஸ்திரேலியாவின் மெர்வ் ஹியூஸ் என்ன செய்தார் தெரியுமா? ஓர் ஓவரின் கடைசிப் பந்தில் ஆம்ப்ரோஸை அவுட் ஆக்கினார், தன் அடுத்த ஓவரின் முதல் பந்தில் பேட்டர்சனை. அத்தோடு வெஸ்ட் இண்டீஸ் இன்னிங்ஸ் முடிந்துவிட்டது. அப்புறம் ஆஸ்திரேலியா பேட்டிங் ஆடி முடித்து, வெஸ்ட் இண்டீஸ் மறுபடி ஆட வந்தபோது அவர் வீசிய முதல் பந்திலேயே கிரீனிட்ஜ் அவுட். மூன்று ஓவர், இரண்டு இன்னிங்ஸ், ஆனாலும் ஹாட்ரிக்தான்.

கிரிக்கெட் பார்த்தே வளர்ந்த நாம் கால்பந்து பக்கம் போனால் சறுக்குவது இங்கேதான். அங்கே 'அடுத்தடுத்து' என்ற நிபந்தனையே கிடையாது. ஒரே ஆட்டத்தில் ஒருவர் மூன்று கோல் போட்டால் போதும். 2022 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் பிரான்ஸின் எம்பாப்பேயின் இரண்டாவது கோலுக்கும் மூன்றாவது கோலுக்கும் நடுவில் அர்ஜென்டினாவின் மெஸ்ஸி ஒரு கோல் அடித்தார். எம்பாப்பேயின் ஹாட்ரிக்குக்கு அதனால் ஒரு குறையும் இல்லை. ஆட்டம் சமனில் முடிந்ததால் வெற்றியாளரை முடிவு செய்ய நடந்த பெனால்டி ஷூட் அவுட்டிலும் எம்பாப்பே ஒன்று போட்டார், ஆனால் அது கோல் கணக்கில் சேராது. அதையும் கூட்டி 'நான்கு கோல்' என்று எழுதினால் தப்பு.

மைதானத்துக்கு வெளியே இந்தச் சொல் படும் பாடு தனிக்கதை. 'தொடர்ந்து மூன்றாவது ஹாட்ரிக் வெற்றி' என்று போஸ்டர் அடிக்கிறார்கள். கணக்குப் பார்த்தால் ஒன்பது வெற்றி வருகிறது! 'ஹாட்ரிக் வெற்றி' என்றாலே மூன்றும் தொடர்ச்சியும் உள்ளே வந்துவிட்டன. தேர்தல் என்றால் எந்தத் தேர்தல் என்பதையும் பார்க்க வேண்டும். எம்.ஜி.ஆர். தலைமையில் அ.தி.மு.க. 1977, 1980, 1984 என மூன்று சட்டமன்றத் தேர்தல்களில் வென்றது ஹாட்ரிக். நடுவே 1980 ஜனவரியில் மக்களவைத் தேர்தலில் அந்தக் கட்சிக்குப் பலத்த அடி விழுந்தது. அது வேறு வரிசை, இதில் கலக்கக் கூடாது.

'ஹாட்ரிக் தோல்வி'யைக் கிண்டலுக்குச் சொன்னால் ரசிக்கலாம். செய்தியில் நேராக எழுதினால் எனக்கு உறுத்தும். தொப்பி வாங்கிக் கொடுத்தது தோற்றதற்கா?

'டபுள் ஹாட்ரிக்' இன்னும் குழப்பம். 2007 உலகக் கோப்பையில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக இலங்கையின் மலிங்கா அடுத்தடுத்த நான்கு பந்தில் நான்கு விக்கெட் எடுத்ததைச் சிலர் அப்படிச் சொல்வார்கள்: முதல் மூன்று ஒரு ஹாட்ரிக், கடைசி மூன்று இன்னொன்று. அரசியல் மேடையிலோ டபுள் என்றால் ஆறு. எண்ணிக்கையையே எழுதிவிடுவது உத்தமம்.

கடைசியாக, மொழிபெயர்ப்பு. எந்திரத்திடம் கொடுத்தால் 'தொப்பி தந்திரம்' என்று வந்து நிற்கிறது. அப்படியே ஒட்டிவிடாதீர்கள். ஹாட்ரிக் என்றாலே டீக்கடை வரைக்கும் புரியும்.