நடுக்கத்தைப் பார்த்து நுனியைக் கோட்டை விடாதீர்கள்: விஆர் சத்திரசிகிச்சைப் பயிற்சியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விஆரில் (கணினி காட்டும் மெய்நிகர் உலகில்) தையல் பழகும்போது ஊசி நடுங்கினால் பலரும் முதலில் கைவைப்பது அசைவின் நடுக்கத்தை மழுப்பும் ஃபில்டரில்தான். ஆனால் பெரிய பிழை, அசையாமல் நின்றபடியே தப்பான இடத்தைக் காட்டும் கருவி நுனியில் இருக்கிறது.

கருவியை, கையில் பிடிக்கும் விஆர் கண்ட்ரோலரில் டேப் சுற்றி ஒட்டி, நீளத்தை அடிமட்டத்தால் அளந்து பதிவது போதாது. கோணம் 0.3 பாகை பிசகினாலே, 200 மில்லிமீற்றர் தள்ளியிருக்கும் நுனி 1 மில்லிமீற்றர் விலகிவிடும். நுண்சத்திரசிகிச்சையில் தைக்கும் இரத்தக்குழாயின் விட்டமே சிலவேளை அவ்வளவுதான். கருவியைத் திருகாணியால் இறுக்குங்கள். உலோகத் தகட்டில் சிறு குழி துளைத்து, தகட்டை மேசையோடு பூட்டுங்கள். நுனியைக் குழியில் ஊன்றி, எல்லாப் பக்கமும் 30 பாகை வரை சாய்த்துச் சுழற்றியபடி அரை நிமிடம் பதியுங்கள். கண்ட்ரோலர் நின்ற இடங்களாகப் பதிவான புள்ளிகள் ஒரு கோளத்தின் மேல் விழும். கோளத்தின் மையமே நுனி. புள்ளிகள் சிதறினால் பிடி ஆடுகிறது, அல்லது நுனி குழிக்குள் வழுக்குகிறது.

இனி ஃபில்டர். 90 ஹெர்ட்ஸில் 10 அளவீடுகளைச் சராசரி எடுத்தால் 50 மில்லிவிநாடி தாமதம். விநாடிக்கு 50 மில்லிமீற்றர் நகரும் கைக்கு நுனி 2.5 மில்லிமீற்றர் பின்தங்கும். அதைவிட மோசம், இயல்பான கைநடுக்கம் 8 முதல் 12 ஹெர்ட்ஸ். இந்தச் சராசரி சரியாக அதைத்தான் துடைத்துவிடும். மாணவரின் கை நடுங்கியதா என்பதே தெரியாமல் போகும். திரைக்கு வேகத்துக்கேற்ப மாறும் ‘ஒன் யூரோ’ ஃபில்டரைப் போடுங்கள். புள்ளி வழங்க வடிகட்டாத தரவைத் தனியே சேமியுங்கள்.

அறையையும் பாருங்கள். கொழும்பில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். கமராவால் தடம்பிடிக்கும் ஹெட்செட்டில் மின் அதிர்வெண் தெரிவு 60இல் இருந்தால் விளக்கின் துடிப்பு படத்தைக் குழப்பும். பின்னேர வெயில் விழும் யன்னலுக்குத் திரை போடுங்கள். தடம்பிடிக்க லேசர் வீசும் நிலையங்களை அறையில் வைத்திருந்தால் கண்ணாடிக் கதவைத் துணியால் மூடுங்கள். மின்விசிறியோடு சேர்ந்து அதிரும் அலுமாரியில் அவற்றை வைக்காதீர்கள்.

முடிச்சுப் போடும்போது ஒரு கை மற்றதை மறைக்கும். அந்நேரம் கண்ட்ரோலருக்கு உள்ளிருக்கும் அசைவுச் சென்சர் அதன் இடத்தை ஊகித்து ஓட்டும். படம் வழுவழுப்பாகவே இருப்பதால் யாரும் கவனிப்பதில்லை. தடம் அறுந்த கணங்களைத் தரவில் குறித்து வையுங்கள். தடம் திரும்பியதும் நுனியை அதே குழியில் வையுங்கள். முன்பிருந்த இடத்திலிருந்து 1 மில்லிமீற்றர் தள்ளி நின்றால் அந்தச் சுற்றுக்குப் புள்ளி போடாதீர்கள்.