இன்ஜின் மவுண்ட் இன்செர்ட்: வாங்கும் முன்பும் மாட்டும்போதும் நடக்கும் தவறுகள்

சிக்னலில் பச்சை விழுந்ததும் ஆக்ஸிலேட்டரை மிதிக்கிறோம். கார் நகர்வதற்கு முன்னால் பானெட்டுக்குள் ஏதோ ஒன்று பின்பக்கம் சாய்ந்து 'தட்' என்று உட்காருகிறது. அதற்கு அப்புறம்தான் சக்கரத்துக்கு இழுவை வருகிறது. முன்சக்கர இழுவை டர்போ கார் வைத்திருப்பவர்கள் பலருக்கும் இது தெரிந்த உணர்வு. இதைக் குறைக்க, இன்ஜினைப் பாடியோடு பிடித்து வைக்கும் ரப்பர் மவுண்ட்டையே மாற்ற வேண்டியதில்லை, அந்த ரப்பரில் இருக்கும் வெற்றிடத்தில் பாலியூரித்தேன் என்ற ரப்பர் போன்ற பிளாஸ்டிக்கில் ஒரு சின்னத் துண்டைச் செருகினால் போதும் என்பதுதான் இன்செர்ட்டின் யோசனை. நல்ல யோசனைதான். சரியான காரில் சரியாக மாட்டினால் கியர் மாற்றும்போதே வித்தியாசம் தெரியும். ஆனால் இதை மாட்டிவிட்டு, "கார் லாரி மாதிரி அதிருது" என்று ஒரு வாரத்தில் கழற்றியவர்களையும் நிறையப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் அந்தத் துண்டில் குறை இருப்பதில்லை.

நம் ஊர் மெக்கானிக்குகள் மவுண்ட்டை 'பவுண்டேஷன்' என்பார்கள். பொருத்தமான பெயர் போலத் தோன்றினாலும் பாதி உண்மையைத்தான் சொல்கிறது. வீட்டு அஸ்திவாரம் அசையக் கூடாது. இன்ஜின் மவுண்ட் அசைந்தே ஆக வேண்டும். இன்ஜினைப் பிடித்து வைப்பது ஒரு வேலை, அதன் நடுக்கம் பாடிக்கு வராமல் விட்டுக்கொடுப்பது இன்னொரு வேலை. இன்செர்ட் வைக்கும்போது முதல் வேலையைக் கூட்டுகிறோம், இரண்டாவதைக் குறைக்கிறோம். எவ்வளவு கூட்டலாம், எவ்வளவு இழக்கலாம் என்பதைக் காருக்குக் கார் யோசிக்க வேண்டும்.

உதாரணத்துக்கு ஃபோக்ஸ்வாகன் போலோவை எடுத்துக்கொள்கிறேன். 2010 முதல் 2022 வரை இங்கே விற்பனையான, புனே அருகே சாக்கனில் தயாரான கார். இன்ஜினும் கியர்பாக்ஸும் குறுக்காக, மேலே இரண்டு பக்கமும் இரண்டு மவுண்ட்டில் தொங்கும். மொத்த எடையையும் அவைதான் தாங்குகின்றன. மூன்றாவது மவுண்ட் கீழே இருக்கிறது. கியர்பாக்ஸின் அடியிலிருந்து பின்னால் சப்ஃபிரேமுக்கு, அதாவது பாடியின் அடியில் மாட்டியிருக்கும் உலோகச் சட்டத்துக்கு, போகும் குட்டையான கை அது. நாய் கவ்வும் எலும்பு போல இருப்பதால் 'டாக்போன்' என்று பெயர். டாக்போன் எடை தாங்காது. இன்ஜின் ஊஞ்சல் போல ஆடாமல் கீழே பிடித்து நிறுத்துவது மட்டுமே அதன் வேலை.

அந்த வேலை எவ்வளவு கடினமானது என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். போலோவின் 1.2 டிஎஸ்ஐ என்ற டர்போ பெட்ரோல் இன்ஜினின் டார்க், அதாவது சுழற்றும் விசை, 175 நியூட்டன் மீட்டர். முதல் கியரும் அதற்கடுத்த ஃபைனல் டிரைவ் பற்சக்கரங்களும் சேர்ந்து அதை 14 மடங்காக்கினால் சக்கரத்துக்கு வருவது 2,450. சக்கரத்தை முன்னோக்கிச் சுழற்றும் அதே அளவு விசை இன்ஜினைப் பின்னோக்கிச் சுழற்றப் பார்க்கும். இன்ஜினின் தலை பின்னால் சாயும், அடி முன்னால் தள்ளும், டாக்போன் இழுபடும். டாக்போனின் முனையைப் பிடித்துக்கொண்டு சப்ஃபிரேமில் இருக்கும் பெரிய ரப்பர் வளையத்தின் (புஷ்) வெற்றிடம் முழுதும் மூடிய பிறகுதான் ரப்பர் இறுக ஆரம்பிக்கும். நாம் உணரும் அந்தத் தாமதம் இதுதான். இன்செர்ட் அந்த வெற்றிடத்தை நிரப்புகிறது.

செத்த மவுண்ட்டுக்கு மேல் இன்செர்ட்

எனக்கு அதிகம் வருத்தம் தரும் தவறு இது. நண்பர் ஒருவரின் கார், ஒரு லட்சம் கிலோமீட்டரை நெருங்கியது. ரிவர்ஸ் எடுக்கும்போது 'டொக்' என்று சத்தம், ஐடிலில், அதாவது கார் நிற்க இன்ஜின் மட்டும் ஓடும்போது, ஸ்டியரிங் நடுக்கம். ஒரு பணிமனையில் கேட்டதும், டாக்போனில் இன்செர்ட் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லி மாட்டி அனுப்பிவிட்டார்கள். சத்தம் கொஞ்சம் குறைந்தது. நடுக்கம் இரண்டு மடங்கானது. என்னிடம் காட்டியபோது டார்ச் அடித்துப் பார்த்தேன். இன்ஜின் பக்கத்து மேல் மவுண்ட்டைச் சுற்றி ஈரமும் அதில் ஒட்டிய தூசியும். அது ஹைட்ராலிக் மவுண்ட். ரப்பருக்குள் கிளைகால் கலந்த திரவம் இருக்கும், இன்ஜின் ஆடும்போது அது ஒரு சிறு வழியில் போய்வந்து ஆட்டத்தை அடக்கும். திரவம் வெளியேறிவிட்டால் இன்ஜின் அந்தப் பக்கம் இறங்கி உட்கார்ந்துவிடும். கீழே எதைச் செருகினாலும் மேலே இறங்கியது ஏறாது. புது மேல் மவுண்ட் போட்டு, இன்செர்ட்டைக் கழற்றியதும் கார் பழையபடி அமைதியானது. இன்செர்ட் தேவையே இருக்கவில்லை.

அதனால் வாங்கும் முன் ஒரு சோதனை செய்துவிடுங்கள். பானெட்டைத் திறந்து வைத்து, ஹேண்ட்பிரேக் போட்டு, பிரேக்கை நன்றாக மிதித்தபடி ஒருவர் உள்ளே உட்காரட்டும். D, பிறகு R என்று மாற்றி லேசாக ஆக்ஸிலேட்டர் கொடுக்கட்டும். கியர் காரில் கிளட்ச்சைக் கடிக்கும் இடம் வரை விட்டால் போதும். நீங்கள் பக்கவாட்டில் நின்று பாருங்கள். காருக்கு முன்னாலோ பின்னாலோ யாரும் நிற்கக் கூடாது. இன்ஜின் கொஞ்சம் சாய்ந்து மெதுவாக நின்றால் ரப்பர் உயிரோடு இருக்கிறது. குதித்து எதிலோ இடித்து நின்றால் ஏதோ ஒரு மவுண்ட் கிழிந்திருக்கிறது. கிழிந்ததை மாற்றுங்கள். புது மவுண்ட் போட்ட பிறகும் உங்களுக்கு இறுக்கம் போதவில்லை என்றால் அப்போது இன்செர்ட்டைப் பற்றிப் பேசலாம்.

இதனோடு சேர்ந்த இன்னொன்று. 1.2 டிஎஸ்ஐயில் வரும் 7 வேக டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், உலர் இரட்டை கிளட்ச் வகை. நெரிசலில் ஒன்றிலிருந்து இரண்டாம் கியருக்கு மாறும்போது கார் விட்டு விட்டு உதறினால் கிளட்ச்சைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். இன்செர்ட் அந்த உதறலைக் குணமாக்காது, இன்னும் தெளிவாக உள்ளே கொண்டுவந்து சேர்க்கும்.

"எவ்வளவு கடினமோ அவ்வளவு நல்லது"

பாலியூரித்தேனின் கடினத்தை ஷோர் ஏ என்ற அளவில் சொல்வார்கள். கார் டயரின் மேல்பரப்பு 60 முதல் 70 வரை இருக்கும். இன்செர்ட் தயாரிப்பாளர்கள் நிறத்தை வைத்துப் பிரிப்பது வழக்கம். பவர்ஃபிளெக்ஸ் நிறுவனத்தில் மஞ்சள் 70, ஊதா 80, கறுப்பு 95. கறுப்பு பந்தயப் பாதைக்கானது. கோவை செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஓடும் பந்தயக் காருக்கு ஐடிலில் நிற்கும் கவலை கிடையாது. உங்கள் கார் காந்திபுரம் சிக்னலில் ஏசி போட்டு இரண்டு நிமிடம் நிற்க வேண்டும். வாங்கும்போது கை கறுப்புக்குத்தான் போகும், விலையும் பெரிதாக வித்தியாசப்படாது. ஆனால் அன்றாடக் காருக்கு மஞ்சளில் ஆரம்பிப்பதுதான் சரி.

காரணம் கொஞ்சம் இயற்பியல். நான்கு சிலிண்டர் இன்ஜின் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வெடிக்கும். 800 ஆர்பிஎம் ஐடிலில் நொடிக்கு சுமார் 27 உதை. மூன்று சிலிண்டரில் ஒரு சுற்றுக்கு ஒன்றரை, அதாவது நொடிக்கு 20. ரப்பரின் மேல் உட்கார்ந்திருக்கும் இன்ஜினுக்கு என்று சொந்தமாக ஓர் ஆட்ட வேகம் உண்டு. உதையின் வேகம் அதைவிட 1.4 மடங்குக்கு மேல் இருந்தால்தான் மவுண்ட் நடுக்கத்தைத் தடுக்கும். அதற்குக் கீழே போனால் தடுக்காது, பெரிதாக்கியே அனுப்பும். ஒரு பேச்சுக்கு, சொந்த ஆட்டம் நொடிக்கு 12 என்று வைத்துக்கொள்வோம். மவுண்ட்டின் விறைப்பை இரட்டிப்பாக்கினால் அது 17 ஆகும். 17-ன் 1.4 மடங்கு சுமார் 24. நான்கு சிலிண்டரின் 27 அதற்கு மேல் இருப்பதால் தாங்கும். மூன்று சிலிண்டரின் 20-க்குத் தாங்காது. ஒரே இன்செர்ட் ஒருவர் காரில் அருமையாக இருந்து, இன்னொருவர் காரில் கண்ணாடியை நடுங்க வைப்பதற்கு இதுவே முக்கியக் காரணம்.

போலோவிலேயே இந்த வித்தியாசம் இருக்கிறது. 2020-ல் நான்கு சிலிண்டர் 1.2 போய், மூன்று சிலிண்டர் 1.0 டிஎஸ்ஐ வந்தது. டார்க் அதே 175. ஆனால் நடுக்கத்தின் குணம் வேறு. அதில் ஆட்டோமேட்டிக் என்றால் கியர்பாக்ஸும் வேறு, கிளட்ச்சுக்குப் பதில் திரவத்தின் வழியாக விசையைக் கடத்தும் 6 வேக டார்க் கன்வெர்ட்டர். டிஎஸ்ஜி, பிரேக் மிதித்து நிற்கும்போது கிளட்ச்சை விடுவித்துவிடும். டார்க் கன்வெர்ட்டர் D-யில் நிற்கும்போதும் காரைத் தள்ளிக்கொண்டேதான் இருக்கும். அந்தத் தள்ளலில் டாக்போன் ஏற்கெனவே இழுபட்டு, புஷ் இன்செர்ட்டின் மேல் அழுந்தி நிற்கும். N-ல் போட்டால் நடுக்கம் குறையும், D-யில் போட்டால் வந்துவிடும். பழைய 1.2 வைத்திருப்பவர் "ஒன்றும் தெரியவில்லை, தாராளமாகப் போடுங்கள்" என்று சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை. அவர் கார் வேறு, உங்கள் கார் வேறு. மூன்று சிலிண்டர் ஆட்டோமேட்டிக்கில் நகரத்துக்குள்ளேயே ஓட்டுபவர் இதைத் தவிர்ப்பதே நல்லது என்பது என் கருத்து.

மூன்று மவுண்ட்டையும் ஒரே நாளில் கடினமாக்குவதும் இதே வகைத் தவறு. சுழற்சியைத் தடுப்பது பெரும்பாலும் டாக்போன்தான் என்பதால் முதல் துண்டிலேயே பலனில் பெரும்பகுதி கிடைத்துவிடும். மேல் மவுண்ட்களைக் கடினமாக்கினால் கூடுதலாக வருவது பெரும்பாலும் இரைச்சல்தான். ரீமேப் செய்த, அதாவது இன்ஜின் கணினியை மாற்றிச் சக்தியைக் கூட்டிய காராக இருந்தாலும் ஒன்றை மாட்டி, ஒரு மாதம் ஓட்டிப் பார்த்துவிட்டு அடுத்ததை யோசியுங்கள்.

வெற்றிடத்தில் டயர் துண்டை வெட்டிச் செருகுவது, கார் கண்ணாடி ஒட்டும் பாலியூரித்தேன் (பியூ) பசையை ஊற்றி நிரப்புவது என்ற வழிகளும் உண்டு. வேண்டாம். ஊற்றியதை எடுக்க முடியாது, பிடிக்காவிட்டால் மவுண்ட்டோடுதான் போகும். வெட்டிச் செருகிய துண்டு ஒருநாள் நழுவி விழும்.

மாட்டும்போது

டாக்போன் எடை தாங்காததால் அதைத் தொட இன்ஜினுக்கு முட்டுக் கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் காரை ஜாக்கில் மட்டும் நிறுத்தி அடியில் படுக்காதீர்கள், ஸ்டாண்ட் கட்டாயம். மேல் மவுண்ட்டைக் கழற்றுவதாக இருந்தால் கதை வேறு. இன்ஜினுக்குக் கீழிருந்து முட்டு வேண்டும், இன்ஜின் அடியில் ஆயில் நிற்கும் தொட்டியான சம்ப்பில் ஜாக்கை நேரடியாக வைக்காமல் நடுவே ஒரு மரப்பலகை வேண்டும், கழற்றும் முன் மவுண்ட் உட்கார்ந்திருந்த இடத்தைப் பெயின்ட்டால் குறித்துக்கொள்ள வேண்டும்.

போல்ட்தான் பலர் அலட்சியம் செய்யும் இடம். இந்தக் கார்களில் டாக்போன் போல்ட்கள் நீளும் வகை. முதலில் ஒரு குறிப்பிட்ட டார்க் வரை இறுக்கி, பிறகு குறிப்பிட்ட கோணம் திருப்ப வேண்டும். அந்தத் திருப்பலில் போல்ட் நிரந்தரமாகக் கொஞ்சம் நீண்டுவிடும், அதனால் மறுபடி பயன்படுத்தக் கூடாது. பழையதையே போட்டு, "இன்னும் ஒரு சுத்து" என்று கை வலிமையில் இறுக்கினால் போல்ட் துண்டாகலாம். இல்லையென்றால் கியர்பாக்ஸ் பக்கத்து அலுமினிய மரை உரிந்துவிடும். அதைச் சரிசெய்ய ஆகும் செலவில் பல இன்செர்ட் வாங்கலாம். உங்கள் மாடலுக்கான அளவுகளைச் சர்வீஸ் மேனுவலில் பார்த்துக் குறித்து வையுங்கள், புது போல்ட்களை இன்செர்ட்டோடு சேர்த்தே வாங்குங்கள்.

உள்ளே நுழையவில்லை என்று சுத்தியால் அடிக்க வேண்டாம். சோப்புத் தண்ணீரோ சிலிக்கான் கிரீஸோ தடவினால் போகும். கையில் கிடைத்த சாதாரண கிரீஸும் ஆயிலும் ரப்பரை ஊதவைத்து மென்மையாக்கிவிடும். அப்படியும் போகவில்லை என்றால் திசை தவறாக இருக்கலாம், அல்லது அது உங்கள் மாடலுக்கானதே அல்ல. ஒரே பெயரில் வந்த கார்களிலும் வருடத்துக்கு வருடம் புஷ்ஷின் வடிவம் மாறும், பார்ட் நம்பரைப் பார்த்து வாங்குங்கள். கடைசி இறுக்கலுக்கு முன் இன்ஜினைக் கையால் முன்னும் பின்னும் இரண்டு முறை ஆட்டி, அது தானாக நிற்கும் இடத்தில் நிற்கவிடுங்கள். சாய்ந்த நிலையில் இறுக்கிவிட்டால் ரப்பர் எப்போதும் ஒருபக்கம் முறுக்கியபடியே இருக்கும், ஐடில் நடுக்கம் போகவே போகாது.

இறுக்கியதும் போல்ட் தலையிலும் பக்கத்து உலோகத்திலும் சேர்த்து ஒரு பெயின்ட் கோடு போடுங்கள். 500 கிலோமீட்டர் ஓடிய பிறகு அடியில் பார்த்து, கோடு நேராக இருந்தால் விட்டுவிடலாம். விலகியிருந்தால் அதே போல்ட்டை மறுபடி இறுக்காமல் புதியது போடுங்கள். அந்தச் சில நூறு கிலோமீட்டரில் இன்செர்ட் படிந்து நடுக்கமும் ஓரளவு அடங்கும். முதல் நாளே பயந்து கழற்ற வேண்டாம். அதற்கு மேலும் ஏசி ஓடும்போது ரியர் வியூ கண்ணாடியில் பின்னால் வரும் வண்டியின் நம்பரைப் படிக்க முடியவில்லை என்றால் கழற்றிவிடுங்கள். அதற்கும் புது போல்ட் வாங்க வேண்டும்.