பழக்கூழை விட்டுப் பொடி உணவுக்கு: கிரெஸ்டெட் கெக்கோவைப் பழக்கும் முறை

"பொடியைக் கரைத்து வைத்தேன், மோந்துகூடப் பார்க்கவில்லை." கிரெஸ்டெட் கெக்கோ என்ற பல்லியை வளர்க்கிறவர்களிடம் அடிக்கடி கேட்கும் புலம்பல் இது. விசாரித்தால், அந்தப் பல்லி அதுவரை கைக்குழந்தைகளுக்கு விற்கும் பாட்டில் பழக்கூழைத் தின்று வளர்ந்திருக்கும். இனிப்பு நாக்கில் ஏறிவிட்டால் வேறெதையும் சீந்தாது. அதற்காக அப்படியே விட்டுவிடவும் முடியாது. உதாரணத்துக்கு, வாழைப்பழத்தில் கால்சியத்தைப் போல நான்கு மடங்கு பாஸ்பரஸ் இருக்கிறது, புரதம் பெயருக்குத்தான். மாதக்கணக்கில் அதையே தின்றால் எலும்பு இளகும். தாடை ரப்பர் மாதிரி வளையும், வாலும் முதுகும் கோணும்.

பசிபிக் கடலில் உள்ள நியூ கலிடோனியாத் தீவின் காடுகளில் இந்தப் பல்லி பழம், பூந்தேன், பூச்சி மூன்றையும் தின்கிறது. இனமே அற்றுப்போனது என்று நம்பியிருந்து, 1994இல் மறுபடி கண்ணில் பட்டது. கடையில் கிடைக்கும் முழு உணவுப் பொடி அந்த மூன்றுக்கும் ஈடாகச் செய்ததுதான். கால்சியமும் டி3 வைட்டமினும் அதிலேயே இருப்பதால், கரைத்த பொடியில் மேற்கொண்டு எதையும் தூவ வேண்டாம்.

உணவைக் குறை சொல்லும் முன் கூண்டைப் பாருங்கள். வெப்பம் 22 முதல் 26 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். 28ஐத் தாண்டினால் பல்லி துவண்டுவிடும், 20க்குக் கீழே போனால் செரிமானம் மந்தமாகும். இரண்டிலும் பசி எடுக்காது. மாலையில் நன்றாகத் தண்ணீர் தெளித்து, பகலில் ஓரளவு உலர விடுங்கள். வாங்கி வந்து இரண்டு வாரம் ஆகவில்லையா? பழைய உணவையே கொடுங்கள், கையில் எடுக்காதீர்கள். புது இடத்துக்கு வந்த பல்லி சில நாள் சாப்பிடாமல் இருப்பது சகஜம்.

அடுத்து, 0.1 கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசு ஒன்று வேண்டும். மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவை வைத்துப் பூஜ்யமாக்கி, அதற்குள் பல்லியை விட்டு எடை பாருங்கள். வாரம் ஒரு நாள், அதே நேரத்தில். வளர்ந்த கெக்கோ 35 முதல் 50 கிராம் இருக்கும். மாற்றம் நடக்கிறதா என்பதற்கு இந்த எண்தான் சாட்சி. கிண்ணத்தை நம்பாதீர்கள்: பல்லி ஒரு வேளைக்கு அரை டீஸ்பூன்கூடத் தின்னாது, அதையும் விளக்கணைத்த பிறகுதான் தின்னும். காலையில் கிண்ணம் நிறைந்தே இருக்கும்.

கரைக்கும் அளவு பொதுவாக ஒரு பங்கு பொடிக்கு இரண்டு பங்கு தண்ணீர். உங்கள் டப்பாவில் வேறாகப் போட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள். கலக்கி ஐந்து நிமிடம் விட்டால் இறுகும். கெட்டியான தோசை மாவுப் பதம் சரி. நீர்த்துப் போனால் அடியில் பொடி தங்கி, மேலே வெறும் தண்ணீர் நிற்கும். பல்லி அதை நக்கிவிட்டுப் போய்விடும்.

இனி கலவை. இங்கே பொடி என்று சொல்வது கரைத்த பொடியை. முதல் வாரம் பழக்கூழ் மூன்று பங்கு, பொடி ஒரு பங்கு. இரண்டாம் வாரம் பாதிக்குப் பாதி. மூன்றாம் வாரம் கூழ் ஒன்று, பொடி மூன்று. நான்காம் வாரம் பொடி மட்டும். ஒரு நாள் விட்டு ஒரு நாள், பொழுது சாய்ந்ததும் வையுங்கள், மறுநாள் மாலைக்குள் எடுத்துவிடுங்கள். ஈரக் கூண்டில் பூசணம் பிடிக்க நேரம் ஆகாது. தொடர்ந்து இரண்டு முறை தொடவில்லை என்றால் ஒரு படி பின்வாங்குங்கள். முதல் படியிலேயே முரண்டு பிடித்தால் ஒன்பதுக்கு ஒன்று என்று தொடங்கலாம். அவசரப்பட்டு நேராக நான்காம் வாரத்துக்குத் தாவுகிறவர்கள்தான் மூன்று மாதம் மல்லுக்கட்டுகிறார்கள்.

கிண்ணம் பாட்டில் மூடி அளவு போதும். இது மரமேறி, அதனால் கூண்டின் பாதி உயரத்துக்கு மேல் கிளையை ஒட்டிப் பொருத்துங்கள். உணவை மாற்றும் மாதத்தில் கிண்ணத்தையும் இடத்தையும் மாற்றாதீர்கள்.

வைக்கும்போது கரண்டியின் பின்புறத்தால் மேற்பரப்பை மழமழவென்று தடவிவிடுங்கள். காலையில் டார்ச் அடித்துப் பார்த்தால், நக்கியிருக்கும் இடத்தில் சின்னச் சின்னக் குழிகள் வரிசையாகத் தெரியும். கண்ணாடியில் வெள்ளை முனையோடு கறுப்பாக எச்சம் ஒட்டியிருந்தால், உள்ளே போனது வெளியே வருகிறது.

ஒன்றுக்கும் மசியாத பல்லிக்கு, காது குடையும் பஞ்சுக் குச்சியில் துளி கலவை எடுத்து மூக்கு நுனியில் வையுங்கள். முகத்தில் ஒட்டியதை அது நக்கியே தீரும். நாலைந்து துளி போதும். வாயை நெம்பித் திறக்காதீர்கள், தாடை பிசகும். மிரண்டால் வாலை உதிர்த்துவிடும். இந்த இனத்துக்கு வால் திரும்ப முளைக்காது.

வெறும் வெட்டுக்கிளியும் சில்வண்டும் தின்று பழகியதாக இருந்தால், பூச்சி ஒன்றை நசுக்கி அதன் சாற்றைக் கலவையின் மேல் தடவுங்கள். பூச்சியை வாரம் ஒரு வேளையாகக் குறையுங்கள். அதுவும் பல்லியின் இரு கண்களுக்கு இடைப்பட்ட அகலத்தைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது. தேன் கலந்து ஏமாற்றுகிற வேலை மட்டும் வேண்டாம். ஒரு இனிப்பை விடுவிக்க இன்னொன்றைப் பழக்கினதாக முடியும்.

முட்டையிடப் போகும் பெட்டையும், குளிர்மாதங்களில் கடுவனும் தீனியைக் குறைக்கும். எடை நிலையாக இருந்தால் பொறுத்துப் பாருங்கள். எடை பத்தில் ஒரு பங்கு குறைந்தாலோ, பத்து கிராம்கூட இல்லாத குட்டி ஒரு வாரம் எதுவும் தின்னாவிட்டாலோ, தாடை தொட்டால் மெத்தென்று இருந்தாலோ, பரிசோதனையை நிறுத்திவிட்டு ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். அதுவரை பழைய கூழையே கொடுக்கலாம், பட்டினி போடுவதற்கு அது மேல்.

முழுக்கப் பொடிக்கு மாறிய பிறகு இரண்டு மாதமாவது பழக்கூழைக் கண்ணில் காட்டாதீர்கள். அப்புறம் ஆசைக்கு, பதினைந்து நாளுக்கு ஒரு முறை, மசித்த பப்பாளியோ அத்திப்பழமோ கால் டீஸ்பூன். அதையும் பொடியோடு கலந்தே வையுங்கள், தனிக் கிண்ணத்தில் வேண்டாம்.