பயிற்சி ஓட்டங்களைப் பட்டியலிடும் கருவிக்கு ஆவணம் எழுதிய என் அனுபவம்

இயந்திரக் கற்றல் மாதிரிகளின் பயிற்சி ஓட்டங்களை, அதாவது ஒரு மாதிரியைப் பயிற்றுவிக்கும் ஒவ்வொரு முயற்சியையும், பட்டியலிடும் எங்கள் குழுவின் கருவிக்கு ஆவணம் இருந்தது. ஆனால் அது கட்டளைகளை வரிசையாகச் சொன்னதே தவிர, திரையில் தோன்றும் எண்கள் எங்கிருந்து வருகின்றன என்பதைச் சொல்லவில்லை. 'லாஸ்' (மாதிரி செய்யும் பிழையின் அளவு) என்ற நெடுவரிசையில் இருப்பது கடைசிப் படியின் மதிப்பா, ஓட்டம் முழுவதிலும் பதிவான மிகக் குறைந்த மதிப்பா என்பது தெரியாமல், இருவர் ஒரே பட்டியலைப் பார்த்து வெவ்வேறு மாதிரிகளைத் தேர்ந்தெடுத்தார்கள். எனவே மூல நிரலைப் படித்து, ஒவ்வொரு மதிப்பும் எந்தக் கோப்பிலிருந்து எப்போது எடுக்கப்படுகிறது என்று எழுதினேன்.

அதிக உழைப்பை வாங்கியது 'நிலை' நெடுவரிசைதான். நினைவகம் தீர்ந்துபோகும்போது லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல் அனுப்பும், நிரலை உடனே நிறுத்தும் 9ஆம் எண் சிக்னலை எந்த நிரலாலும் இடைமறிக்க முடியாது. ஆகவே அப்படிக் கொல்லப்பட்ட ஓட்டம் தன் முடிவைப் பதிய இயலாமல், பட்டியலில் நாள்கணக்கில் 'ஓடுகிறது' என்றே நிற்கும். (இதற்காகக் கருவியைக் குறை சொல்வது நியாயமில்லை என்பது என் கருத்து.) ஆவணத்தில் இந்தக் காரணத்தை விளக்கி, பதிவுக் கோப்பு கடைசியாக மாறிய நேரத்தைக் கொண்டு உண்மை நிலையை ஊகிக்கும் வழியையும் சேர்த்தேன். நேரங்கள் உலகப் பொது நேரமான யூடிசியில் காட்டப்படுகின்றன என்பதற்கு ஒரு வரி போதுமானதாக இருந்தது. கட்டளைகளின் பட்டியலை மட்டும் கையால் எழுதாமல், ஒவ்வொரு புதிய பதிப்பின்போதும் கருவியின் உதவிப் பகுதியிலிருந்தே தானாக உருவாகும்படி அமைத்துவிட்டேன்.