எடைக் குறைப்பை மூன்றாவது வாரத்தில் கைவிடாமல் இருப்பது எப்படி?

எடை குறைய என்ன செய்ய வேண்டும் என்று இங்கே எழுதப்போவதில்லை. கொஞ்சம் குறைவாகச் சாப்பிடணும், கொஞ்சம் அதிகமாக நடக்கணும், ஒழுங்காகத் தூங்கணும், இதெல்லாம் உங்களுக்கே தெரியும். எனக்கும் தெரிந்துதான் இருந்தது. தெரிந்துகொண்டே நான்கு முறை ஆரம்பித்து, நான்கு முறையும் மூன்றாவது வாரத்தில் விட்டேன். ஐந்தாவது முறை விடவில்லை. 14 மாதத்தில் 91 கிலோவிலிருந்து 78க்கு வந்திருக்கிறேன். அந்த ஐந்தாவது முறையில் என்ன மாற்றிச் செய்தேன் என்பதுதான் இந்தப் பதிவு.

தேவையான பொருட்கள்: ஒரு எடை மெஷின், ஒரு இன்ச் டேப், சுவரில் மாட்டும் காலண்டர், பேனா. மெஷின் புள்ளிக்குப் பிறகு ஒரு இலக்கம் காட்டினால் போதும். கொழுப்பு இத்தனை சதவீதம், தசை இத்தனை சதவீதம் என்று காட்டுகிற வகை வேண்டவே வேண்டாம். பாதம் வழியாக மெல்லிய மின்சாரத்தை அனுப்பி அது போடுகிற கணக்கு, உடம்பில் அன்றைக்கு இருக்கிற தண்ணீரைப் பொறுத்தே மாறும். ஏற்கெனவே குழம்பியிருப்பவரை இன்னும் குழப்பத்தான் அது உதவும். காலடி எண்ணும் கைக்கடிகாரமும் முதல் மூன்று மாதத்துக்கு வேண்டாம் என்பது என் கட்சி. அந்தப் புகழ்பெற்ற 10,000 அடி எங்கிருந்து வந்தது தெரியுமா? 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு காலடி எண்ணும் கருவிக்கு 'பத்தாயிரம் அடி மீட்டர்' என்ற பொருளில் பெயர் வைத்தார்கள், அந்த எண் உலகம் முழுக்க ஒட்டிக்கொண்டது. நான் 6,200 அடி நடந்துவிட்டு, தோற்றுப்போன முகத்தோடு படுத்த இரவுகள் எத்தனையோ.

படி 1: மணியைக் குறிக்காதீர்கள், முந்தைய வேலையைக் குறியுங்கள்

"காலை ஆறு மணிக்கு நடக்கப் போவேன்" என்று முடிவு செய்தால், 6.20க்கு விழிப்பு வருகிற அன்று கதை முடிந்தது. "பல் தேய்த்ததும் ஷூ மாட்டுவேன்" என்று வைத்துக்கொண்டால் எத்தனை மணிக்கு எழுந்தாலும் அது நிற்கும், ஏனென்றால் எப்படியும் பல் தேய்க்கத்தான் போகிறோம். ஷூவை முந்தின இரவே வாசல் பக்கம் வைத்து, இரண்டு சாக்ஸையும் அதற்குள்ளேயே திணித்துவிடுங்கள். சிரிக்காதீர்கள், ஜோடி சாக்ஸ் தேடித் தேடியே நான் திரும்பப் படுத்திருக்கிறேன்.

படி 2: வெட்கப்படும் அளவுக்குச் சின்னதாக ஆரம்பியுங்கள்

முதல் இரண்டு வாரம் பத்து நிமிடம் மட்டும். உடம்பு கேட்டாலும் அதற்கு மேல் வேண்டாம். பெரியவர்களுக்கு வாரம் 150 நிமிட மிதமான உடற்பயிற்சி, கூடவே இரண்டு நாள் தசைக்கு வலுவூட்டும் பயிற்சி என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது, அது போய்ச் சேர வேண்டிய இடம். முதல் நாளே அங்கே நிற்க வேண்டியதில்லை. மிதமான வேகம் என்றால், நடக்கும்போது பேச முடியணும், பாட முடியக் கூடாது, அவ்வளவுதான். தசைப் பயிற்சி ஆரம்பித்தால் செய்த அன்றைக்கு ஒன்றும் தெரியாது, ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் வலி உச்சத்துக்கு வரும். அது புதிதாகத் தொடங்கும் எல்லோருக்கும் வருவது, தானே போய்விடும்.

படி 3: எடை பார்ப்பது (நான்கு முறையும் நான் விழுந்த இடம்)

இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

ஆரம்பித்த முதல் வாரத்தில் எடை மளமளவென்று இறங்கும். எனக்கு ஏழு நாளில் 2 கிலோ போனது. வீட்டில் எல்லோரிடமும் சொல்லி, பழைய சட்டையெல்லாம் எடுத்துப் போட்டுப் பார்த்து, ஒரே கொண்டாட்டம். இரண்டாவது வாரம் அரை கிலோ. மூன்றாவது வாரம் இறங்கவே இல்லை, போதாக்குறைக்கு ஒருநாள் ஏறவும் செய்தது. சரி, நம் உடம்பு வாகு இப்படித்தான் என்று விட்டுவிட்டேன்.

நடந்தது என்னவென்றால், உடம்பு கல்லீரலிலும் தசையிலும் கிளைக்கோஜன் என்ற பெயரில் மாவுச்சத்தைச் சேர்த்து வைக்கிறது, ஒவ்வொரு கிராமோடும் ஏறக்குறைய 3 கிராம் தண்ணீரும் சேர்ந்தே இருக்கும். சாப்பாட்டைக் குறைத்ததும் முதலில் கரைவது அந்தச் சேமிப்பு. கூடவே தண்ணீரும் போகும். முதல் வாரத்து 2 கிலோவில் பெரும்பகுதி அதுதான். அது தீர்ந்த பிறகு கொழுப்பு கரைகிற உண்மையான வேகம் தெரிகிறது, அது வாரத்துக்கு அரை கிலோ இருந்தாலே நல்ல வேகம். நான் என்னடாவென்றால் தண்ணீர் போன வேகத்தைக் கொழுப்பிடம் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் அந்த அரை கிலோவை நாம் பார்க்க முடியாதபடி மறைப்பதும் தண்ணீர்தான். என் குறிப்பிலிருந்து ஒரு வாரம் அப்படியே:

84.2, 83.6, 84.9, 84.5, 83.9, 83.7, 83.4

மூன்றாவது நாளைப் பாருங்கள், ஒரே இரவில் 1.3 கிலோ ஏற்றம். ஒரு கிலோ கொழுப்பு என்பது சுமார் 7,700 கலோரி. அப்படியானால் அது நிஜக் கொழுப்பாக இருக்க நான் முந்தின நாள் தேவைக்கு மேல் 10,000 கலோரி சாப்பிட்டிருக்கணும். நான் சாப்பிட்டது வெளியே ஒரு வேளை, உப்பு தூக்கலாக. உப்பு தண்ணீரைப் பிடித்து வைத்தது, வயிற்றில் இருந்த சாப்பாட்டின் கனமும் சேர்ந்தது. நான்கு நாளில் எல்லாம் இறங்கிவிட்டது.

அதனால் செய்ய வேண்டியது இது. காலையில் எழுந்து கழிப்பறை போய்வந்ததும், எதுவும் சாப்பிடாமல் குடிக்காமல், தினமும் ஒரே மாதிரி உடையில் ஒரே ஒரு முறை ஏறுங்கள். எண்ணைக் காலண்டரில் எழுதிவிட்டு மறந்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஏழையும் கூட்டி ஏழால் வகுத்து, அந்தச் சராசரியை முந்தைய வாரச் சராசரியோடு மட்டும் ஒப்பிடுங்கள். மேலே உள்ள வாரத்தின் சராசரி 84.0, அதற்கு முந்தைய வாரம் 84.6. அதாவது, மெஷினைத் தூக்கி வெளியே எறியலாமா என்று நான் யோசித்த அதே வாரத்தில் 600 கிராம் குறைந்திருக்கிறது!

நான்கு வாரச் சராசரியும் அசையாமல் நின்றால்தான் சாப்பாட்டைத் திரும்பப் பார்க்கணும், அதற்கு முன்னால் எதையும் மாற்றாதீர்கள். மாதம் ஒருமுறை தொப்புள் மட்டத்தில் டேப் வைத்து அளந்து அதையும் எழுதுங்கள். எடை நிற்கிற மாதத்தில் இடுப்பு இறங்கியிருப்பதைப் பார்த்தால் வருகிற தெம்பே தனி.

படி 4: விட்டுப்போன நாள்

போகும். காய்ச்சல் வரும், ஊருக்குப் போவோம், சும்மா சோம்பேறித்தனமாகவும் இருக்கும். லண்டனில் பிலிப்பா லாலி என்ற ஆய்வாளரின் குழு 96 பேரிடம் புதுப் பழக்கம் எப்படிப் படிகிறது என்று பார்த்தது, 2009இல் முடிவு வெளியானது. பழக்கம் தானாக நடக்கிற நிலைக்கு வர, ஆளைப் பொறுத்து 18 முதல் 254 நாள் வரை கணக்கு வந்தது, நடுவில் நிற்கும் எண் 66. எனக்கு இதில் பிடித்தது வேறொன்று: இடையில் ஒருநாள் விட்டதால் பழக்கம் பெரிதாகக் கெடவில்லை. எனவே 21 நாளில் பழகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பி, 22ஆம் நாள் உங்களையே திட்டிக்கொள்ளாதீர்கள். நான் வைத்திருக்கும் விதி ஒன்றே ஒன்று, அடுத்தடுத்து இரண்டு நாள் விடுவதில்லை. முடியாத நாளில் ஷூ போட்டு வாசல்வரை போய்த் திரும்பினாலும் காலண்டரில் டிக் உண்டு.

பின்சேர்க்கை 1: மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் சராசரியே ஏறுகிறதே என்று சிலர் கேட்டிருந்தார்கள். நான் இதை யோசிக்கவே இல்லை, தவறு என்னுடையது. அந்த நாட்களில் உடம்பு நீரைப் பிடித்து வைப்பது வழக்கம். உங்களுக்கு முந்தைய வாரத்தோடு ஒப்பிடுவது சரிவராது, போன சுழற்சியின் அதே வாரத்தோடு ஒப்பிடுங்கள்.

பின்சேர்க்கை 2: தினமும் எண்ணைப் பார்த்தால் அன்றைய நாளே கெட்டுப்போகிறது, சாப்பிடவே பயமாக இருக்கிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். அப்படியென்றால் மெஷினை மூட்டை கட்டுங்கள், டேப் மட்டும் போதும். சாப்பிடப் பயம் என்பது தொடர்ந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள், அதைத் தனியாகச் சமாளிக்க வேண்டாம். ஒன்றும் செய்யாமலே எடை வேகமாக இறங்கினாலும் அப்படித்தான்.

பின்சேர்க்கை 3: "ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு கிலோ வித்தியாசம் காட்டுகிறது" என்றவருக்கு: மெஷின் மிதியடி மேல் இருக்கிறதா? எனக்கும் இதே கூத்து நடந்தது. கெட்டியான சமதளத் தரையில் வையுங்கள், வைத்த இடத்தில் சாக்பீஸால் நான்கு மூலையும் குறித்துக்கொள்ளுங்கள், வீடு துடைக்கிறவர் நகர்த்தினாலும் திரும்ப அதே இடத்தில் வைக்கலாம்.