களிமண் மனையில், மழைக்கு நடுவே கான்கிரீட் போடுவது எப்படி

மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, திருவாரூர்ப் பக்கம் வீடு கட்டிக் கொடுப்பதுதான் என் தொழில். இங்கே மனை என்றால் பெரும்பாலும் பழைய நஞ்சை. மேலே இரண்டடி சவுடு கொட்டி மட்டம் செய்திருப்பார்கள். அதற்குக் கீழே கருங்களி. சித்திரையில் விரல் நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும். ஐப்பசியில் கால் வைத்தால் செருப்பைப் பிடுங்கி எடுக்க வேண்டியிருக்கும்.

இப்படிப்பட்ட மண்ணில் கட்டிய வீட்டில் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஒரு விரிசல் ஏறினால், உடனே சிமென்ட் சரியில்லை, கம்பி குறைச்சல் என்று பேச்சு கிளம்புகிறது. நான் பார்த்தவரை பெரும்பாலும் காரணம் தண்ணீர்தான். களி ஈரம் குடித்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். வீட்டு ஓரம் சீக்கிரம் காய்கிறது, சீக்கிரம் ஊறுகிறது. நடு வீட்டுக்கு அடியில் ஈரம் அவ்வளவாக மாறுவதில்லை. ஒரு பக்கம் தூக்கி இன்னொரு பக்கம் இறங்கும்போது சுவர் பிளக்கிறது. அதனால் நான் செய்யும் வேலை எல்லாமே ஒரு குறியை நோக்கித்தான்: வீட்டுக்கு அடியில் ஈரம் ஒரே சீராக இருக்க வேண்டும்.

முதலில் காலம். தை கடைசியில் அறுவடை முடிந்து வயல் வடிந்த பிறகு வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டி, பங்குனிக்குள் பேஸ்மட்டம் (தரைமட்டம் வரையிலான வேலை) முடிந்துவிட்டால் நல்லது. மண் சொதசொதவென்றும் இருக்காது, பாளம் பாளமாகவும் வெடித்திருக்காது. மேட்டூர் அணையை வழக்கப்படி ஜூன் 12-ல் திறந்து வாய்க்காலில் தண்ணீர் ஓட ஆரம்பித்துவிட்டால், மழையே பெய்யாவிட்டாலும் பக்கத்து வயலிலிருந்து குழிக்குள் கசிவு வரும். வாஸ்து நாள் ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வருகிறது, அந்த நாளை விட மனசில்லை என்றால் விட வேண்டாம். ஈசானிய மூலையில் சின்னக் குழி எடுத்துப் பூஜையைப் போட்டு, கல்லை வைத்து மூடிவிடுங்கள். முழு வானத்தையும் அன்றைக்கே தோண்டிப் போடுவதுதான் தப்பு. வடகிழக்குப் பருவமழை நிற்கும்வரை அது குளமாகத்தான் இருக்கும்.

அடுத்து மண் பரிசோதனை. 1,000 சதுர அடி வீட்டுக்கு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. களிமண் மனைக்கு அவசியம் வேண்டும் என்பேன். ஆய்வகத்தில் எவ்வளவோ சோதனை இருந்தாலும், நீங்கள் பெயர் சொல்லிக் கேட்க வேண்டியது மண்ணின் உப்பும் அளவு, அதாவது ‘ஃப்ரீ ஸ்வெல் இண்டெக்ஸ்’. 425 மைக்ரான் சல்லடையில் சலித்த காய்ந்த மண்ணில் 10 கிராம் வீதம் இரண்டு கண்ணாடிக் குழாயில் போடுவார்கள். ஒன்றில் தண்ணீர், இன்னொன்றில் மண்ணெண்ணெய். மண்ணெண்ணெயில் களி உப்பாது, தண்ணீரில் உப்பும். ஒரு நாள் கழித்து இரண்டின் உயரத்தையும் ஒப்பிட்டால் எத்தனை சதவீதம் உப்பியது என்று தெரிந்துவிடும். 50-க்குக் கீழே என்றால் பயமில்லை. 50 முதல் 100 வரை என்றால் கவனம் வேண்டும். 100-ஐத் தாண்டினால் சாதாரண அஸ்திவாரத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம், ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடம் போய்விடுங்கள்.

அப்படிப்பட்ட மண்ணுக்கென்றே ரூர்க்கியில் உள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிக் கொடுத்ததுதான் அண்டர்ரீம்டு பைல். குறைந்தது மூன்றரை மீட்டராவது ஆழமாகத் துளை போட்டு, அடியில் குமிழ் மாதிரி அகலப்படுத்திக் கான்கிரீட் நிரப்புவார்கள். குமிழின் விட்டம் பொதுவாகத் துளையைப் போல இரண்டரை மடங்கு. மேல் மண் எவ்வளவு உப்பினாலும் சுருங்கினாலும், அடியில் அசையாத மண்ணில் குமிழ் பிடித்துக்கொள்ளும். துளை போட்ட அன்றைக்கே கான்கிரீட் போட்டுவிட வேண்டும், ராத்திரி தாண்டக் கூடாது. இதில் எல்லோரும் கோட்டை விடுவது ஒரே இடத்தில்தான். பைல் தலைகளை இணைக்கும் கிரேடு பீமுக்கு அடியில் 80 மி.மீ. வெற்றிடம் விட வேண்டும். களி உப்பி மேலே வந்தாலும் பீமைத் தொடக் கூடாது. பீமை மண்மேல் உட்காரவைத்துப் போட்டுவிட்டால், மண் பீமைத் தூக்கும், பைலுக்குச் செலவு செய்த காசு வீண். தளர்வான மணலைப் பரப்பி அதன்மேல் பீம் போட்டு, இறுகியதும் மணலை வாரி எடுத்துவிட்டு, இரண்டு ஓரத்திலும் மண் உள்ளே சரியாதபடி தடுப்பு வைத்துவிடச் சொல்லுங்கள்.

உப்பல் குறைவாக இருந்து சாதாரணத் தூண் அஸ்திவாரமே போதும் என்றால், ஆழத்தில் கஞ்சத்தனம் கூடாது. சித்திரை வெயிலில் மனையில் இருக்கும் பெரிய வெடிப்பில் 8 மி.மீ. கம்பியை விட்டுப் பாருங்கள், எவ்வளவு ஆழம் இறங்குகிறதென்று. அஸ்திவாரம் அதைத் தாண்டிக் கீழே உட்கார வேண்டும். நான் இந்தப் பக்கத்தில் 5 அடிக்குக் குறைவாகப் போவதில்லை.

குழி எடுக்கும்போது ஒரே மூச்சில் அடிமட்டம் வரை போக வேண்டாம். கடைசி அரையடியை விட்டுவையுங்கள். பி.சி.சி. (அஸ்திவாரத்துக்கு அடியில் போடும் கம்பியில்லாத கான்கிரீட்) போடும் அன்று காலையில் அதை வெட்டி எடுத்து, அதே நாளில் பி.சி.சி. போட்டு மூடிவிட வேண்டும். களியின் அடிமட்டம் மழையில் ஊறினாலும் கெடும், இரண்டு நாள் வெயிலில் வெடித்தாலும் கெடும். நடுவில் மழை பிடித்துக்கொண்டால் குழியின் ஒரு மூலையில் சின்னப் பள்ளம் எடுத்து, அங்கே தண்ணீரை வடியவிட்டு மோட்டார் வைத்து இறைக்கலாம். இறைத்த பிறகு அடியில் மிதிபட்ட சேறு இருக்கும். அதன்மேல் ஜல்லியைக் கொட்டி, ‘எல்லாம் சரியாகிவிடும்’ என்பார்கள். சரியாகாது. மண்வெட்டியால் சேறு முழுவதையும் சுரண்டி, கெட்டிக் களி கண்ணில் படும்வரை எடுக்க வேண்டும். ஆழம் கூடிப்போனால் அதை பி.சி.சி.யாலேயே நிரப்புங்கள், தோண்டிய மண்ணைத் திரும்பப் போடாதீர்கள். பி.சி.சி. காசைக் கரைக்கும் வேலை என்று நினைக்காதீர்கள். அது இல்லாவிட்டால் கம்பியைத் தூக்கிப் பிடிக்கும் கவர் பிளாக் களியில் புதைந்து, கம்பி மண்ணைத் தொட்டுக்கொண்டு கிடக்கும். அஸ்திவாரத்தில் 50 மி.மீ. கவர், அதாவது கம்பிக்கு வெளியே அவ்வளவு கான்கிரீட், கட்டாயம்.

இனி கலவை. மழைக்காலத்தில் கான்கிரீட் கெடுவது வானத்திலிருந்து விழும் தண்ணீரைவிட, மணலுக்குள் ஒளிந்திருக்கும் தண்ணீரால்தான். கையால் அளந்து போடும் எம்-20 தரக் கலவைக்கு, ஒரு மூட்டை சிமென்ட்டுக்கு அதிகபட்சம் 30 லிட்டர் தண்ணீர் என்கிறது கான்கிரீட்டுக்கான இந்திய விதிப் புத்தகம் ஐ.எஸ். 456. வெயில் காலத்துக்குச் சரி. நன்றாக நனைந்த மணலில் கன மீட்டருக்குச் சுமார் 120 லிட்டர் தண்ணீர் ஏற்கெனவே இருக்கும் என்பதும் அதே புத்தகத்தில்தான் இருக்கிறது. ஒரு மூட்டைக்குப் போடும் ஒன்றரைப் பெட்டி (பெட்டி 35 லிட்டர்) மணலைக் கணக்குப் பார்த்தால் 6 லிட்டருக்கு மேல். அப்படியென்றால் மிக்சரில் நீங்கள் ஊற்ற வேண்டியது 24 லிட்டர்தான். ஆனால் மிக்சர் ஓட்டுகிறவர் வழக்கமான வாளிக் கணக்கில் ஊற்றிவிட்டு, மேலும் “சார், கலவை இறுக்கமா இருக்கு, இன்னும் அரை வாளி விடட்டுமா?” என்று கேட்பார். விடக் கூடாது. வைப்ரேட்டரை ஒழுங்காகப் பிடித்தால் அந்த இறுக்கமான கலவையே கம்பிக்குள் இறங்கும்.

இன்னொன்று, ஈர மணல் உப்பும். பெட்டி நிறைந்திருக்கும், உள்ளே மணல் குறைவாக இருக்கும். இதை சைட்டிலேயே பார்த்துவிடலாம். நேரான சுவருள்ள ஒரு டப்பாவில் ஈர மணலை அழுத்தாமல் 20 செ.மீ. உயரம் நிரப்புங்கள். அதை வேறு பாத்திரத்தில் கொட்டிவிட்டு, டப்பாவில் பாதி தண்ணீர் ஊற்றி, மணலைத் திரும்ப அதில் போட்டுக் கம்பியால் குத்திவிடுங்கள். மணல் 16 செ.மீ.க்கு இறங்கினால் உப்பல் 25 சதவீதம். ஒன்றரைப் பெட்டிக்குப் பதிலாக ஏறக்குறைய ஒன்றே முக்கால் பெட்டியும் இன்னும் கொஞ்சமும் போட வேண்டும். எம்-சாண்டுக்கும் இதே சோதனைதான். லோடு இறங்கும்போது ஒருமுறை, மழை பெய்து விட்டதும் ஒருமுறை செய்யுங்கள். குவியலின் மேல்பக்கமும் அடிப்பக்கமும் ஒரே ஈரத்தில் இருக்காது. மணல் குவியலைத் தார்ப்பாய் போட்டு மூடிவைத்தால் பாதித் தலைவலி போய்விடும். பெட்டியும் சரியான பெட்டியாக இருக்க வேண்டும்: 40-க்கு 35-க்கு 25 செ.மீ. என்றால் 35 லிட்டர், அதாவது ஒரு மூட்டை சிமென்ட்டின் அளவு. பாண்டு (கலவை சுமக்கும் சட்டி) கணக்கில் போடுவதை நான் ஏற்பதில்லை, ஒவ்வொரு சித்தாளும் ஒவ்வொரு விதமாகக் குவிப்பார்கள்.

சிமென்ட் மூட்டைகளைப் பலகை மேல், சுவரைத் தொடாமல், 10 மூட்டை உயரத்துக்கு மேல் போகாமல் அடுக்குங்கள். உள்ளே கட்டி தட்டிய மூட்டை வேண்டாம்.

கான்கிரீட் போட்டுக்கொண்டிருக்கும்போதே மழை வந்தால்? முதலில், போடுவதற்கு முன்பே தார்ப்பாயும் அதைத் தூக்கிப் பிடிக்கச் சவுக்குக் கட்டையும் சைட்டில் இருக்க வேண்டும். வானம் கறுத்த பிறகு கடைக்கு ஆள் அனுப்புவதில் பயனில்லை. அஸ்திவாரக் குழி என்றால், ஆரம்பித்த ஒரு குழியை முழுதாக முடித்துத் தார்ப்பாயால் மூடிவிட்டு நிறுத்துங்கள், பாதியில் நிறுத்தாதீர்கள். பிளிந்த் பீம் (தரைமட்டத்தில் தூண்களை இணைக்கும் பீம்) என்றால் தூண் ஓரத்தில் நிறுத்தாமல் இரண்டு தூணுக்கு நடுவில், பலகை வைத்து நேர்குத்தாக நிறுத்துங்கள். மறுநாள் அந்த முகத்தைக் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவி, சிமென்ட் பால் அடித்துவிட்டுத் தொடரலாம். குழியில் தண்ணீர் நிற்கும்போது அதற்குள் கான்கிரீட்டைக் கொட்டினால் சிமென்ட் கரைந்து மேலே வந்துவிடும், அடியில் வெறும் ஜல்லிதான் மிஞ்சும். இறைத்துவிட்டுத்தான் போட வேண்டும்.

தளத்தின் மேல் மழை தண்ணீர் தேங்கினால் அதன்மேல் வெறும் சிமென்ட்டைத் தூவித் தேய்ப்பது ஊர் முழுக்க நடக்கிற பழக்கம். அந்தத் தோல் ஒரு வருஷத்தில் பொருக்காக உரிந்துவிடும். தண்ணீரை ஒதுக்கி வடித்துவிட்டு, அப்புறம் மணியாசுக் கட்டையால் தேய்த்து மட்டம் செய்யுங்கள். மேல் சாந்து அடித்துக்கொண்டு போய் ஜல்லி பல் காட்டினால், அந்தப் பகுதியைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதுக் கலவை போடுவதுதான் முறை.

மழைக்காலம்தானே, தண்ணீர் ஊற்ற வேண்டாம் என்று விட்டுவிடாதீர்கள். காலையில் பெய்துவிட்டு மதியம் சுளீரென்று வெயில் அடிக்கும். சாக்கு விரித்து, பி.பி.சி. (சாம்பல் கலந்த) சிமென்ட்டுக்கு 10 நாளாவது ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

குழியை எதை வைத்து மூடுவது என்பதில் இங்கே ஒரு பழக்கம் இருக்கிறது, எனக்கு அதில் உடன்பாடில்லை. வெறும் மணலைக் கொட்டி மூடுவார்கள். சுற்றிலும் களி, நடுவில் மணல் என்றால் அது தொட்டி. மழைத் தண்ணீர் அதில் இறங்கி, வெளியேற வழியில்லாமல் அஸ்திவாரத்தைச் சுற்றியே மாதக்கணக்கில் நிற்கும். தோண்டி எடுத்த களிக் கட்டிகளைத் திரும்பத் தள்ளுவதும் கூடாது. செம்மண் கலந்த கிராவல்தான் நல்லது. உப்பாது, ஆனால் ஓரளவு தண்ணீரைத் தடுக்கும். அரையடி அரையடியாகப் போட்டு, லேசாக நனைத்து, திமிசுக் கட்டையால் இடித்து ஏற்ற வேண்டும். வீட்டுக்குள் தரைக்கு அடியிலும் அதேதான்.

கார் நிறுத்தும் தளத்தைத் தூணோடும் சுவரோடும் ஒட்டிப் போடாதீர்கள். நடுவில் அரை அங்குலம் தெர்மாகோல் வைத்துப் பிரித்து, பின்னால் தார் கலவையால் அடைத்துவிடுங்கள். மூன்று மீட்டருக்கு ஒரு வெட்டு, தளத்தின் கனத்தில் கால் பங்கு ஆழத்துக்கு. களி கொஞ்சம் அசைந்தால் விரிசல் அந்தக் கோட்டிலேயே போகும்.

வீட்டைச் சுற்றி ஒரு மீட்டர் அகலத்துக்குக் கான்கிரீட் நடைபாதை போடுங்கள், மீட்டருக்கு இரண்டரை செ.மீ. வெளிப்பக்கம் சரிவாக. எனக்குப் பணம் குறைவாக இருக்கிறது, எதையாவது விடலாமா என்று கேட்பவர்களிடம் நான் எலிவேஷன் (முகப்பு அலங்கார) வேலையை விடச் சொல்வேன், இதை விடச் சொல்ல மாட்டேன். மொட்டை மாடிக் குழாய் எதுவும் சுவர் ஓரத்தில் தண்ணீரைக் கொட்டக் கூடாது. தமிழ்நாட்டில் 2003 முதல் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். ஆனால் களிமண்ணில் சுவரை ஒட்டி உறிஞ்சுகுழி வெட்டினால் தண்ணீர் உறிஞ்சாது, அஸ்திவாரத்தை ஊறவைக்கும். குழாயை இழுத்துக்கொண்டு போய்க் கிணற்றிலோ தொட்டியிலோ விடுங்கள். கழிவுநீர்க் குழாய் இணைப்புகளையும் மூடுவதற்கு முன் தண்ணீர் நிரப்பிச் சோதியுங்கள். நிலத்தடியில் சொட்டும் ஒரு குழாய் ஒரு மூலையை மட்டும் தூக்கிவிடும். வேம்பு, அரசு மாதிரி பெரிய மரங்கள், அவை வளரப்போகும் உயரத்தின் அளவுக்காவது வீட்டைவிட்டுத் தள்ளி இருக்க வேண்டும்.

இவ்வளவுக்கும் பிறகு மெல்லிசாக ஒரு கோடு வந்தால் உடனே பூசி மறைக்க வேண்டாம். விரிசலின் இரண்டு நுனியிலும் பென்சிலால் குறுக்குக் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதுங்கள். ஒரு கார்த்திகையும் ஒரு சித்திரையும் கடக்கட்டும். மழையில் மூடி வெயிலில் திறந்தால் ஓரத்து ஈரம்தான் காரணம். நடைபாதையையும் குழாயையும் முதலில் சரிசெய்துவிட்டுப் பூச்சைப் பாருங்கள். கோடு பென்சில் குறியைத் தாண்டி வளர்ந்துகொண்டே போனாலோ, கதவு நிலை பிடிக்க ஆரம்பித்தாலோ, கொத்தனாரைக் கூப்பிடாதீர்கள். அஸ்திவாரம் தெரிந்த இன்ஜினியரைக் கூட்டி வந்து காட்டுங்கள்.